கணிதப் படிக்கட்டில் இல்லாத இரண்டு படிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இந்து வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழா மேடையிலே சைவ சித்தாந்தத்தைப் பற்றியோ நாயன்மார் சரித்திரத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். என்னைப் பாடசாலைக் கணிதத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தபின் அது பொருத்தமென்று பட்டது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவு வெளியாகும் கிழமையில் நம்மவர் வீடுகளில் நடக்கும் பேச்சு என்ன? "பிள்ளைக்குக் கணக்குக்கு என்ன வந்தது?" என்பதுதான். கோவில் வீதியில் நின்றாலும் அதே விசாரணை. கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் அதே விசாரணை. இவ்வளவு பேசப்படும் பாடத்தைப் பற்றி ஒரு நாள் நிதானமாகப் பேசுவதில் குற்றமில்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். சாதாரண தரத்திலே கணிதத்தில் 'ஏ' எடுத்த பிள்ளை ஒன்று உயர்தரத்திலே இணைந்த கணிதம் படிக்கப் போகிறது. முதலாந் தவணைப் பரீட்சையில் 30 புள்ளி, 25 புள்ளி, சில வேளை அதிலுங் குறைவு. வீட்டில் இடி விழுந்தது போலாகிறது. தகப்பனார், "போன் பார்த்துக் கெட்டுப்போனாய்" என்கிறார். தாயார் இன்னொரு ரியூஷனுக்கு வழி தேடுகிறார். பிள்ளையோ, "எனக்கு அவ்வளவு மூளை இல்லை" என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிவிட்டு, மூன்று மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறது. மாறியது வருத்தமில்லை, தன்னை மட்டமென்று நினைத்துக்கொண்டு மாறியதுதான் வருத்தம்.

இம்மூவர் சொல்வதும் சரியன்று என்பதே என் கட்சி. கோவிற் கேணியிலே இறங்கும் படிகளைப் பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே உயரம். நடுவில் இரண்டு படி பெயர்ந்து போயிருந்தால் நெடிய காலுடையவன் தாண்டிப் போய்விடுவான். தான் தாண்டினதுகூட அவனுக்குத் தெரியாது. குட்டைக் காலுடைய பிள்ளை விழும். விழுந்த பிள்ளையை நாம் திட்டுகிறோம். நமது பாடசாலைக் கணிதத்தில், தரம் 11க்கும் தரம் 12க்கும் இடையில் அப்படி இரண்டு படிகள் இல்லை. அவை எவை, ஏன் இல்லாமற் போயின, நம்மைப் போன்ற ஒரு சங்கம் அதற்கு என்ன செய்யலாம் என்பவற்றைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் படிக்கட்டையே பார்ப்போம். கணிதம் வகுப்புக்கு வகுப்பு பெரிய பெரிய கணக்காக வளர்ந்து போவதென்று பலர் நினைக்கிறார்கள். கீழ் வகுப்பில் இரண்டு இலக்கம், மேல் வகுப்பில் ஏழு இலக்கம் என்பதுபோல. அப்படியன்று. ஒவ்வொரு படியிலும் நாம் ஒரே பொருளை வேறொரு கண்கொண்டு பார்க்கிறோம். சொல்லால் விளக்குவதிலும் பார்க்க ஓர் உதாரணத்தால் விளக்குவது சுலபம். புளியங்கொட்டை கொஞ்சம் இருந்தாற் போதும்.

ஒரு கொட்டையை வையுங்கள். அதன் வலப்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, மூலையில் ஒன்று, ஆக மூன்று கொட்டை சேர்த்தால் இரண்டுக்கு இரண்டாக ஒரு சதுரம் வரும், மொத்தம் 4. அதேபோல வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் மூலையுமாக ஐந்து சேர்த்தால் மூன்றுக்கு மூன்று, மொத்தம் 9. பிறகு ஏழு சேர்த்தால் 16. ஒன்பது சேர்த்தால் 25. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் எப்பொழுதும் வர்க்க எண்ணே வருகிறது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் இதை 'எண் கோலங்கள்' என்ற பெயரிலே படிக்கிறார்கள். கோலம் என்ற சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். புள்ளி வைத்துக் கோலம் போடும் நமது பெண்பிள்ளைகளின் கைக்கு இந்தச் சதுரம் புதிதன்று. இது முதற்படி: எண்ணைக் கண்ணாற் பார்ப்பது.

அடுத்த படியில் எழுத்து வருகிறது. அட்சரகணிதம் என்று பெரியவர்கள் அதற்கிட்ட பெயர் மிகவும் சரியானது. பக்கமொன்றுக்கு 'ந' கொட்டைகள் உள்ள சதுரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அடுத்த பெரிய சதுரமாக்க எத்தனை கொட்டை வேண்டும்? வலப்பக்கம் ஒரு ந, கீழ்ப்பக்கம் ஒரு ந, மூலையில் ஒன்று. ஆக 2ந + 1. இதைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு இனிக் கொட்டை தேவையில்லை. நூறுக்கு நூறான சதுரத்தை அடுத்ததாக்க எத்தனை என்றால் எண்ணாமலே 201 என்று சொல்லும். ஓர் எழுத்து எல்லா எண்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறது. இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் முதன்முதல் தடக்கி நிற்பது. "எண்ணைத் தராமல் எப்படிக் கணக்குச் செய்வது?" என்று கேட்கும் பிள்ளையைக் கண்டிக்கக் கூடாது. அது நியாயமான கேள்வி. மனித குலம் அந்தக் கேள்விக்கு விடை காண ஆயிரக்கணக்கான வருடங்கள் எடுத்திருக்கிறது.

மூன்றாம் படி நிறுவல். ஐந்து தடவை சரிவந்த ஒன்று ஆறாந் தடவையும் சரிவரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ந² + ந + 41 என்று எழுதிக்கொண்டு நவுக்குப் பதிலாக 1 இட்டால் 43. 2 இட்டால் 47. 3 இட்டால் 53. எல்லாம் வேறெந்த எண்ணாலும் வகுபடாத முதன்மை எண்கள். இப்படியே 39 வரையில் ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதன்மை எண்ணே வரும். முப்பத்தொன்பது சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் எந்த நீதவானும் நம்புவார். ஆனால் 40 இட்டதும் விடை 1681. அது 41ஐ 41ஆற் பெருக்கிய எண். முப்பத்தொன்பது சாட்சிகளும் வீண். ஆகவேதான் கேத்திரகணிதத்திலே "படத்தைப் பார்த்தால் தெரிகிறதே" என்று விட்டுவிடாமல், தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று வரிசையாக எழுதப் பழக்குகிறார்கள். தரம் 10இலும் 11இலும் முக்கோணிகளின் ஒருங்கிசைவும் வட்டத் தேற்றங்களும் இதற்காகவே வருகின்றன. தேற்றத்தை மனனஞ் செய்து ஒப்புவிப்பதற்காக வரவில்லை.

இனி உயர்தரம். அங்கே முதன்முதலாக மாறிக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றிப் பேசுகிறோம். கொட்டையை விட்டு ஒரு சதுர நிலத்தை எடுப்போம். பக்கம் 'அ'. அதைச் சிறிது, 'ச' அளவு, நீட்டுகிறோம். நிலம் எவ்வளவு கூடும்? வலப்பக்கம் அ நீளமும் ச அகலமுமான ஒரு கீற்று; கீழ்ப்பக்கம் அதே போல இன்னொரு கீற்று; மூலையிலே ச பக்கமுள்ள ஒரு சின்னஞ்சிறு சதுரம். கூடியது 2அச + ச². நீட்டிய சவினால் வகுத்தால் 2அ + ச. இனிச் சவைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் மூலைச் சதுரம் ஒன்றுமில்லாமற் போய் 2அ மிஞ்சுகிறது. இதுதான் வகையீடு. நுண்கணிதம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பெரும் பூதத்தின் முதற் பாடம் இவ்வளவுதான். ச என்பது 1 ஆனால் 2அ + 1, அதே புளியங்கொட்டை!

ஒரே ஒரு படி மேலே போய்ப் பிரயோக கணிதத்தையும் பார்த்துவிடுவோம். இருபது மீற்றர் உயரமான பனையிலிருந்து பழம் விழுகிறது. புவியீர்ப்பினாலான ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என்று உத்தேசமாக எடுத்து, காற்றின் தடையை விட்டுவிட்டால், முதற் செக்கனில் அது 5 மீற்றர் விழும். இரண்டாஞ் செக்கனில் 15 மீற்றர். அத்துடன் நிலத்துக்கு வந்துவிடும், மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில். பனங்கூடலுக்குள் நடக்கும்போது மேலே பார்த்து நடக்கச் சொல்லும் பாட்டிமார் இந்தக் கணக்கைச் செய்யாமலே அறிந்தவர்கள். பனை இன்னும் உயரமாயிருந்தால் மூன்றாஞ் செக்கனில் 25 மீற்றர். 5, 15, 25. அதாவது 1, 3, 5 என்னும் விகிதம். சம நேரங்களில் விழும் தூரங்கள் ஒற்றை எண்களைப் போலக் கூடும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டினார். மறுபடியும் அதே கொட்டை.

பாருங்கள். கீழ் வகுப்பில் எண் கோலமாக, பிறகு ஈருறுப்புக் கோவையின் விரிவாக, தரம் 10இலே கூட்டல் விருத்தியாக, உயர்தரத்திலே பெறுதியாக, அப்புறம் இயக்கவியலாக ஒரே சதுரம் ஐந்து தடவை நமது பிள்ளையின் முன்னால் வருகிறது. ஐந்து தடவையும் புதிய பாடம், புதிய சூத்திரம், புதிய கொப்பி. "தம்பி, இது நீ முன்பு கண்டதுதான்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. நமது கல்வியில் எனக்குள்ள முதன்மையான மனக்குறை இது.

இனி அந்த இரண்டு படிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, எழுத்தைக் கையாளும் கைப்பழக்கம். சாதாரண தரத்தில் அட்சரகணிதம் இல்லாமலில்லை. காரணிப்படுத்தலும் அட்சரகணிதப் பின்னங்களும் இருபடிச் சமன்பாடும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினாவாகத் தனித்தனி அறையில் இருக்கின்றன. காரணிப்படுத்து என்றால் பிள்ளை காரணிப்படுத்தும். பெரிய கணக்கொன்றின் நடுவிலே, ஒருவரும் சொல்லாமல், தானாகவே காரணிப்படுத்த வேண்டிய தருணத்தை அது சந்தித்ததில்லை. உயர்தரத்திலோ அதுவே ஒவ்வொரு வரியிலும் வேலை. நான் கண்ட பிழைகளுள் மிகப் பொதுவானது, க² + ச² என்பதன் வர்க்கமூலத்தை க + ச என்று எழுதிவிடுவது. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஒருவரும் பிழைவிடார்: 9ஐயும் 16ஐயுங் கூட்டினால் 25, வர்க்கமூலம் 5, 3ஐயும் 4ஐயுங் கூட்டினால் 7. எழுத்தென்றவுடன் அந்த அறிவு ஓடிவிடுகிறது. வயலின் இரண்டு வரம்பு வழியே சுற்றிப் போகிறவனும் குறுக்கே நடக்கிறவனும் ஒரே தூரம் நடந்தார்கள் என்று சொல்வதற்கு இது சமம் என்று ஒருமுறை காட்டிவிட்டால் அந்தப் பிழை திரும்ப வருவதில்லை. இன்னொன்று: ஓர் எண்ணின் வர்க்கம் 9இலும் குறையாது, அவ்வெண் யாது? பிள்ளை, "மூன்றும் அதற்கு மேலும்" என்கிறது. சய மூன்றும் அதற்குக் கீழுள்ளவையும் நினைவுக்கு வருவதில்லை. இவை மூளைக் குறைவு அல்ல. வீணை பழகுகிறவனுக்கு விரல் ஓடுவதற்கு எவ்வளவு சாதகம் வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது படி, சார்பு என்னும் எண்ணம். சாதாரண தர இரண்டாம் வினாத்தாளில் வரைபுக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அட்டவணை தரப்பட்டிருக்கும். அதிலே ஒரு கட்டம் வெறுமையாயிருக்கும். அதை நிரப்பி, புள்ளிகளைக் குறித்து, ஒப்பமான வளைகோட்டால் இணைத்து, அதிலிருந்து விடையை வாசிக்க வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் உயர்தரத்திலே அட்டவணையும் இல்லை, வரைபுத் தாளும் இல்லை. வளைகோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எவ்விடத்தில் அச்சைத் தொடாமல் விலகிப் போகிறது என்பதைக் கோவையைப் பார்த்தே சொல்ல வேண்டும். திரிகோணகணிதத்திலும் அப்படியே. தரம் 11இல் சைன், கோசைன், தான்சன் மூன்றும் செங்கோண முக்கோணியின் பக்கங்களின் விகிதம். அதாவது மரத்தின் உயரத்தையும் ஏணியின் சாய்வையும் கண்டுபிடிக்கும் கருவி. தரம் 12இல் அவை எந்தக் கோணத்துக்கும், 90 பாகைக்கு மேற்பட்டதற்கும் சயக் கோணத்துக்கும் உரிய சார்புகளாகி அலைபோல ஏறியிறங்குகின்றன. முக்கோணி எங்கே போயிற்று என்று பிள்ளை திகைக்கிறது. ஆசிரியருக்கோ அதற்கு நிற்க நேரமில்லை. சர்வசமன்பாடுகள் வரிசையாகக் காத்துநிற்கின்றன.

இந்தப் படிகள் எப்போதும் இல்லாமலிருந்தனவா? இல்லை. இங்கே இருக்கும் பெரியவர்களிற் பலர் அவற்றில் ஏறியவர்கள். நமது நாட்டிலே மேலைக் கணிதம் ஊன்றிய வரலாறு பழையது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் முக்கிய பாடங்களாயிருந்தன. அங்கே கற்றுப் பின் அங்கேயே கற்பித்த காரல் விசுவநாதபிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழில் 'வீசகணிதம்' என்னும் அட்சரகணித நூலை ஆக்கினார். தமிழிலே உயர்ந்த கணிதம் சொல்ல முடியாது என்பாருக்கு அந்த ஒரு நூலே போதும் விடை. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜிலே டிராக்கின் கீழ் ஆராய்ச்சி செய்து இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராயிருந்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் போன்றோர் தோன்றியதற்கு, அவ்வாறு பல தலைமுறையாய்ப் பண்படுத்திய நிலமே காரணமென்பது என் எண்ணம்.

பின்னர் நமது கல்லூரிகளில் ஹோல், நைற் என்பவர்களின் அட்சரகணிதமும், லோனியின் திரிகோணகணிதமும் நிலையியல் இயக்கவியல் நூலும் ஆண்டன. அவை ஈவிரக்கமில்லாத நூல்கள். ஒரு பயிற்சியில் நாற்பது கணக்கு இருக்கும். ஆனால் முதற் கணக்குக்கும் நாற்பதாவதற்கும் நடுவே படிகள் மிகவும் நுணுக்கமாக வெட்டப்பட்டிருக்கும். அறுபதுகளிலே சாதாரண தரத்திலேயே விஞ்ஞானம் படிப்பவர்களுக்குத் தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனிப் பாடங்களாயிருந்தன. ஏனையோரிற் பலர் எண்கணிதத்தோடு நின்றார்கள். அந்தப் பாதையால் வந்தவன் உயர்தரத்துக்குள் நுழையும்போது அரைவாசிப் படி ஏறியவனாகவே நுழைந்தான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நான் பாடப்போவதில்லை. அப்பாதை சிலருக்கே திறந்திருந்தது. கிராமத்துப் பாடசாலையிலே, சிறப்பாகப் பெண்பிள்ளைகள், வட்டிக் கணக்கோடும் இலாப நட்டக் கணக்கோடும் நிறுத்தப்பட்டார்கள். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இதை மாற்றியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஒருங்கிணைந்த கணிதம் என்றாயிற்று. அப்புதிய பாடவிதானத்தின் முதற் பொதுப் பரீட்சை 1975இல் நடந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் சாதாரண தரம் என்ற பழைய பெயர் திரும்பி வந்தபோதிலும், எல்லோருக்கும் ஒரே கணிதம் என்னும் ஏற்பாடு நிலைத்துவிட்டது. அது நீதியான காரியம். மீனவர் பிள்ளையும் தோட்டத் தொழிலாளர் பிள்ளையும் வைத்தியர் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுவது சிறிய விஷயமன்று. ஆனால் எல்லோருக்கும் பொதுவான பாதையை அமைத்தபோது, மேலே போக விரும்புகிறவனுக்கு வேண்டிய இரண்டு படிகள் அதில் அடங்கவில்லை. அவற்றை வேறெங்காவது வைக்க ஒருவரும் நினைக்கவுமில்லை.

மறு பக்கத்திலே உயர்தரம் இறுகிற்று. முன்பு நான்கு பாடம். தூய கணிதம் ஒன்று, பிரயோக கணிதம் ஒன்று. 2000ஆம் ஆண்டிலிருந்து மூன்று பாடம். அவ்விரண்டுஞ் சேர்ந்து இணைந்த கணிதமாயின. மூன்று மணித்தியாலம் கொண்ட வினாத்தாள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பகுதி அ என்று பத்துச் சிறு வினா, எல்லாவற்றுக்கும் விடையெழுத வேண்டும். பகுதி ஆ என்று ஏழு பெரு வினா, அவற்றுள் ஐந்து. இருபடிச் சார்பிலிருந்து சிக்கலெண் வரையில் ஒரு புறம். உராய்வு, புவியீர்ப்பு மையம், மோதுகை, எளிமை இசையியக்கம் என்று மறு புறம். காகிதத்திலே இரண்டு வருடம். தவணை விடுமுறையும் விளையாட்டுப் போட்டியும் கழித்துப் பார்த்தால் எவ்வளவு என்று உயர்தர ஆசிரியர்களைக் கேளுங்கள். இந்நிலையில் பன்னிரண்டாந் தரத்து ஆசிரியர் நின்று இல்லாத படியைக் கட்டித்தருவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அதுவும் நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை உடையவை பத்தில் ஒரு பங்களவே. பல பிள்ளைகள் புதிய பாடசாலை, புதிய ஆசிரியர், சில வேளை புதிய ஊர் என்று எல்லாம் புதிதான நேரத்திலேதான் இந்த இடைவெளியையும் தாண்ட வேண்டியிருக்கிறது.

ரியூஷன் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த சில நாட்களிலேயே உயர்தர வகுப்பு விளம்பரங்கள் மதிலெங்கும் ஒட்டப்படுகின்றன. அங்கே திறமான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில், ஒலிபெருக்கியில், "யார் முதலில் பாடத்தை முடிப்பது" என்ற ஓட்டம் நடக்கும்போது, பின்னத்தைச் சுருக்கத் தெரியாத பிள்ளை எப்படிக் கையை உயர்த்தும்? அது பலகையிலுள்ளதைப் பிரதி பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. கொப்பி நிறைகிறது. பெற்றோருக்குத் திருப்தி. முடிவு வருவதற்காகக் காத்திருக்கும் அந்த மாதங்களே படியைக் கட்டுவதற்குரிய மாதங்கள். அவற்றை நாம் முந்தி ஓடுவதிலே செலவழிக்கிறோம்.

இவ்விடத்திலே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதப் பிரிவென்றால் நமக்கு ஏன் இவ்வளவு வெறி என்பது எனக்குத் தெரியாததன்று. பொறியியல் பீடத்து வாசலிலே ஒரு புள்ளி, அரைப் புள்ளி என்று நமது பிள்ளைகளின் வாழ்க்கை நிறுக்கப்பட்ட 1970களின் தரப்படுத்தலை நேரிற் கண்டவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்தாக, விருப்பமில்லாத பிள்ளையையும் இந்தப் படியில் இழுத்தேற்றுவது நியாயமாகாது. வர்த்தகம் இருக்கிறது, 2013இலிருந்து தொழினுட்பப் பிரிவு இருக்கிறது, கலைப்பிரிவிலும் வர்த்தகத்திலும் கணிதத்தை விரும்புகிறவனுக்கு உயர்தரத்திலே 'கணிதம்' என்றே ஒரு தனிப் பாடமும் உண்டு. இது அநேக பெற்றோருக்குத் தெரியாது. உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்கும் பௌதிகத்தில் மடக்கையும் மாறல் வீதமும் வந்தே தீரும். ஆகவே நான் சொல்லும் இடைப்படிகள் பொறியியலாளராகப் போகிறவனுக்கு மாத்திரம் உரியவையல்ல.

என்ன செய்யலாம்? எனது யோசனையைச் செயற்குழுவுக்கு எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பன்னிரண்டு சனிக்கிழமைக் காலைகள், எட்டரை முதல் பதினொன்றரை வரை, நமது மண்டபத்தின் பின்னறையில் ஒரு வகுப்பு. உயர்தரப் பாடத்தில் ஒரு சொல்லும் அங்கே படிப்பிக்கக் கூடாது. இதை நிபந்தனையாகவே வைக்கிறேன். முதல் ஆறு கிழமை எழுத்துப் பழக்கம்: பின்னம், சேடு, சுட்டி, வர்க்கமாக்கல், சமனிலி. அடுத்த நான்கு கிழமை அட்டவணை இல்லாமல் வரைபு. ஒரு கோவையைப் பார்த்து அதன் வளைகோட்டை வெறுங்கையால் கீறப் பழகுவது. கடைசி இரண்டு கிழமை முக்கோணியிலிருந்து வட்டத்துக்கு. ஒரு சைக்கிள் சில்லில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துச் சுற்றினால் சைன் எப்படி ஏறியிறங்குகிறதென்று காட்டிவிடலாம். ஒவ்வொரு நாளும் முதல் அரை மணித்தியாலம் ஒரே ஒரு கணக்கு. உதவியில்லாமல், பிழைவிட்டாலும் அழிக்காமல், பிள்ளை தானே முட்டிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. கட்டணம் இல்லை, புள்ளி இல்லை, நிலை இல்லை.

கற்பிப்பதற்கு ஆள் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. நமது சங்கத்து அங்கத்தவர்களுள் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் மொறட்டுவையிலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியிலே தாங்கள் எங்கே விழுந்தார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் மறந்திராது. அது எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் கிடைக்காத தகுதி. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு சனிக்கிழமை தந்தாற் போதும். பெரியவர்களிடம் கேட்பது இரண்டு: பத்து மணிக்கு ஒரு தேநீர், அத்துடன் பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை சரி?" என்று கேளாதிருத்தல். இரண்டாவதுதான் உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்.

கரும்பலகை பின்னறையில் ஏற்கெனவே இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலுப்படியின் பின்னால் மறைத்தது, இன்னும் அவ்விடத்திலேதான் நிற்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். முதற் சனிக்கிழமைக்குரிய கணக்கை இப்பொழுதே தந்துவிடுகிறேன். 1இன் கனம் 1. அத்துடன் 2இன் கனமாகிய 8ஐக் கூட்டினால் 9. அத்துடன் 3இன் கனமாகிய 27ஐக் கூட்டினால் 36. அத்துடன் 64ஐக் கூட்டினால் 100. எல்லாம் வர்க்க எண்கள். இப்படியே என்றும் வருமா? வருமென்றால் ஏன்? புளியங்கொட்டையால் தொடங்கலாம். விடை தெரிந்த பெரியவர்கள் தயவுசெய்து பக்கத்திலிருக்கும் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டாம்.